குழந்தையை வீசினால் 7 வருஷம், தாயை வீசினால் 3 மாசமா?

விருதுநகர் மாவட்டப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுவதும் படியுங்கள், பகிருங்கள்.

மேடையில் இருக்கிற மூத்தவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பயர் ஆபீஸ் வேலை முடிச்சு மேலுக்குக்கூட ஊத்தாம நேரா இங்கே வந்து நிற்கிற தோழர்களே, திருப்பூர்ல இருந்தும் சிங்கப்பூர்ல இருந்தும் இந்தப் பக்கத்தைப் படிக்கிற நம்ம மாவட்டத்துச் சொந்தங்களே!

இன்னைக்கு நான் எடுத்திருக்கிற விஷயத்துக்குக் கைதட்டல் கிடைக்காது. விலைவாசியைப் பத்திப் பேசினா தட்டுவீங்க. வெடி விபத்து நிவாரணத்தைப் பத்திப் பேசினா தட்டுவீங்க. இதைப் பேசினா பாதிப் பேர் தலையைக் குனிஞ்சுக்குவீங்க. ஏன்னா இது எதிர்க்கட்சியைப் பத்தின விஷயம் இல்லை. நம்ம வீட்டுத் திண்ணையைப் பத்தின விஷயம்.

தலைக்கூத்தல்.

இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதவங்க இந்தக் கூட்டத்துல யாரும் இல்லைன்னு எனக்குத் தெரியும். வெளியூர்ல இருந்து படிக்கிறவங்களுக்காகச் சொல்றேன். படுத்த படுக்கையா கிடக்கிற பெரியவருக்கு விடியக்காலையில எண்ணெய் தேய்ச்சு, குளிரக் குளிரத் தலைக்கு ஊத்தி, இளநீரைக் கொடுத்து, காய்ச்சல் வர வெச்சு, ரெண்டொரு நாள்ல 'அனுப்பி வைக்கிறது'. அதுக்கப்புறம் ஊருக்குச் சொல்றது என்ன? 'வயசாச்சு, நல்லா வாழ்ந்து போய்ச் சேர்ந்துட்டாரு.' கொட்டு மேளம், தேர்ப் பாடை, சாப்பாடு எல்லாம் நடக்கும். போலீஸ் வராது. டாக்டர் வரமாட்டார். கேள்வி கேட்க ஒரு ஆள் இருக்காது.

2010-ல இது வெளி உலகத்துக்குத் தெரிஞ்சது எப்படி? நம்ம விருதுநகர் மாவட்டத்துல ஒரு பெரியவர், தனக்கு வீட்ல என்ன ஏற்பாடு நடக்குதுன்னு காதுல விழுந்ததும் தப்பிச்சுப் போய் வேற சொந்தக்காரங்க வீட்ல அடைக்கலம் ஆனார். அது பத்திரிகையில வந்தது. எண்பது வயசு மனுஷன், பெத்த பிள்ளைகளுக்குப் பயந்து ஓடியிருக்கார். அதுக்கப்புறம் நாடு முழுக்கப் பேசினாங்க. 'பாரம்'னு ஒரு படம் வந்து தேசிய விருது வாங்குச்சு. 2019-ல 'கே.டி. என்கிற கருப்புதுரை', 2023-ல 'தலைக்கூத்தல்' என்ற பேர்லயே ஒரு படம். சினிமாக்காரன் மூணு தடவை பேசிட்டான். சட்டம் இன்னும் வாயைத் திறக்கலை.

ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். இது எல்லா வீட்லயும் நடக்குற விஷயம் இல்லை. ஒரு சாதிக்காரங்க, ஒரு ஊர்க்காரங்க செய்யுறதுன்னு யாராவது கிளப்பினா அதை ஏத்துக்காதீங்க. பத்து வருஷமா மாமியாருக்குப் பீத்துணி அலசிக்கிட்டு இருக்கிற மருமகள்கள் இதே தெருவுல இருக்காங்க. அவங்க பேரு பேப்பர்ல வராது. அந்த மருமகளுக்கும் சேர்த்துத்தான் இன்னைக்குப் பேசறேன்.

இப்போ சட்டத்துக்கு வர்றேன். நம்ம பிள்ளைங்க போன்ல இதை எல்லாம் சரிபார்க்கலாம், தாராளமாப் பாருங்க.

12 வயசுக்கு உட்பட்ட குழந்தையைப் பெத்தவங்களோ பொறுப்புல இருக்கிறவங்களோ கைவிட்டுட்டுப் போனா, பாரதிய நியாய சன்ஹிதா 93-வது பிரிவு. 7 வருஷம் வரைக்கும் சிறை. சரியான சட்டம். அந்தக் குழந்தையால எழுந்து நடந்து போய் உதவி கேட்க முடியாது, அதனால சட்டம் அதுக்குத் துணையா நிக்குது.

அதே மாதிரி எழுந்து நடக்க முடியாத ஒரு தாயை, பெத்த மகன் பஸ் ஸ்டாண்டுல உட்கார வெச்சுட்டு 'டீ வாங்கிட்டு வர்றேன்'னு போயிட்டா? அதுக்கு 2007-ம் வருஷத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 24-வது பிரிவு. அதிகபட்சம் எவ்வளவு தெரியுமா? மூணு மாசம். இல்லைன்னா 5,000 ரூபாய் அபராதம். அதுவும் ஜாமீன்ல வரக்கூடிய குற்றம். ஒரு வீட்டுக்குள்ள புகுந்து அண்டாவைத் திருடினா 7 வருஷம் வரை சிறை வைக்கலாம். அந்த வீட்ல இருக்கிற ஆத்தாவை நடுரோட்டுல விட்டா மூணு மாசம். அண்டாவுக்கு இருக்கிற மதிப்பு ஆத்தாவுக்கு இல்லையா?

இது போதாதுன்னு மத்திய அரசுக்கே தெரிஞ்சுதான் 2019 டிசம்பர்ல மக்களவையில ஒரு திருத்த மசோதா கொண்டு வந்தாங்க. அதுல தண்டனையை எவ்வளவு உயர்த்தினாங்க? மூணு மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும். அபராதம் 10,000. அதையாவது நிறைவேத்தினாங்களா? நிலைக்குழுவுக்குப் போச்சு, அறிக்கை வந்துச்சு, 2024-ல மக்களவை கலைஞ்சப்போ மசோதாவும் காலாவதி ஆகிப்போச்சு. ஒருத்தரும் அதுக்காகச் சபையை நிறுத்தலை. பெரியவங்களுக்கு ஓட்டு இருக்கு, ஆனா அவங்களுக்குன்னு ஊர்வலம் போக ஆள் இல்லை, அதான் காரணம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-ல வந்த சட்டம் இதைவிடப் பரவாயில்லை. 92-வது பிரிவு. பொது இடத்துல வேணும்னே அவமானப்படுத்தினாலோ, அடிச்சாலோ, தன் பொறுப்புல இருக்கிற மாற்றுத்திறனாளிக்குத் தெரிஞ்சே சோறு தண்ணி கொடுக்காம விட்டாலோ குறைஞ்சது 6 மாசம், அதிகபட்சம் 5 வருஷம். சோறு தண்ணி கொடுக்காம விடறதையே தனிக் குற்றமா எழுதி வெச்சிருக்காங்க பாருங்க, எழுதினவங்களுக்கு நாட்டு நடப்பு தெரிஞ்சிருக்கு. இந்தச் சட்டப்படி செஷன்ஸ் கோர்ட்டைத் தனி நீதிமன்றமா அறிவிக்கணும், தனி அரசு வழக்கறிஞர் இருக்கணும். சரி, சட்டம் இருக்கு. நம்ம காவல் நிலையங்கள்ல எத்தனை எழுத்தருக்கு இந்தப் பிரிவு மனப்பாடம்? எஃப்.ஐ.ஆர்.ல சாதாரண அடிதடின்னு எழுதி அனுப்பிடறாங்க.

சிவகாசி பக்கம் இது எவ்வளவு பெரிய விஷயம்னு வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். செத்தவங்க எண்ணிக்கை பேப்பர்ல வரும். பொழைச்சவங்க கணக்கு வராது. விரல் போனவங்க, கண்ணு போனவங்க, முகம் வெந்து வெளியே வரக் கூச்சப்படுறவங்க நம்ம கிராமங்கள்ல இருக்காங்க. நிவாரணப் பணம் அவங்க பேருல பேங்க்ல விழும். கையெழுத்துப் போடக் கை இல்லாதவருக்கு, பாஸ்புக் யார் கையில இருக்கும்? ஏ.டி.எம். கார்டோட ரகசிய எண் யாருக்குத் தெரியும்? அந்தப் பணத்தை எடுத்துட்டு அந்த மனுஷனை மூலையில போட்டு வெச்சா, அதை வெறும் நம்பிக்கைத் துரோக வழக்கா மட்டும் பார்க்கக் கூடாதுன்னுதான் நாங்க சொல்றோம்.

அதே மாதிரி, காலையில எட்டு மணிக்குக் கம்பெனி வேன் வந்து ஆணையும் பெண்ணையும் ஏத்திக்கிட்டுப் போயிடுது. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிடுது. சாயங்காலம் வரைக்கும் தெருவே வயசானவங்க மட்டும் இருக்கிற தெரு. கழுத்துல கிடக்கிற ரெண்டு பவுனுக்காகத் தண்ணி கேட்கிற மாதிரி வந்து நிக்கிறவனுக்கு இது தெரியும். புதுச் சட்டத்துல பறிப்புக் குற்றத்துக்கு 3 வருஷம் வரை தண்டனை. இருபது வயசுப் பையன்கிட்ட செல்போனைப் பறிச்சாலும் 3 வருஷம், எண்பது வயசுக் கிழவியைக் கீழ தள்ளிச் சங்கிலியைப் பறிச்சாலும் பறிப்புக்கு அதே 3 வருஷம்தான். அந்த வயசுல கீழ விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சா எத்தனை பேரு எழுந்திரிக்கிறாங்க?

'பாதிக்கப்பட்டவர் யாருன்னு பார்த்துத் தண்டனை கொடுக்கிறது நியாயமா'ன்னு ஒரு நண்பர் கேட்டார். நம்ம நாட்டுல அது புதுசு இல்லை. 1989-ல வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2012-ல போக்சோ வந்தது. உடல் குறைபாடோ மனநலக் குறைபாடோ உள்ள பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செஞ்சா குறைஞ்சது 10 வருஷம்னு இப்பவே இருக்கு. சிங்கப்பூர்ல, நம்ம பிள்ளைங்க ஆயிரக்கணக்குல வேலை பார்க்கிற ஊர்ல, 2020 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில இருக்கு. உடலாலோ மனசாலோ தன்னைக் காப்பாத்திக்க முடியாதவர் மேல குறிப்பிட்ட குற்றங்களைச் செஞ்சா, வழக்கமான அதிகபட்ச தண்டனையை இரண்டு மடங்கு வரை கூட்டலாம். அதுதான் நாங்க கேட்கிறதும். வயசை மட்டும் பார்த்து இல்லை. அறுபத்தஞ்சு வயசுல மல்லுக்கட்டுற ஆளுங்களும் நம்ம ஊர்ல இருக்காங்க! பிறத்தியார் துணை இல்லாம எழுந்திரிக்க முடியாதவர், பேச முடியாதவர், பார்க்க முடியாதவர் மேல கை வெச்சா, அது குற்றத்தைப் பெருசாக்குற காரணம்னு சட்டப் புத்தகத்துல எழுதணும். நீதிபதியோட மனசை மட்டும் நம்பி விடக்கூடாது.

ஆனா தலைக்கூத்தல் விஷயத்துல தண்டனையைக் கூட்டினா மட்டும் போதுமா? யோசிச்சுப் பாருங்க. அது கொலை. கொலைக்குத் தூக்கு, இல்லைன்னா ஆயுள். அதுக்கு மேல கூட்ட என்ன இருக்கு? அங்கே குறை தண்டனையில இல்லை. வழக்கே வராததுலதான் இருக்கு. ஊர்ல ஒரு பெரியவர் இறந்தா 21 நாளுக்குள்ள பதியணும். காரணம்? 'முதுமை'. முடிஞ்சது. எரிச்சாச்சு, சாம்பலைக் கரைச்சாச்சு.

இதே மாதிரி ஒரு காலத்துல மருமகள்கள் செத்தாங்க. 'ஸ்டவ் வெடிச்சிடுச்சு'ன்னு சொன்னாங்க. அதுவும் வீட்டுக்குள்ள நடந்ததுதான், அதையும் 'குடும்ப விஷயம்'னுதான் சொன்னாங்க. 1986-ல வரதட்சணை மரணம்னு தனிப் பிரிவு வந்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள்ள ஒரு பெண் இயற்கைக்கு மாறா இறந்தா இன்னைக்குக் கோட்டாட்சியர் விசாரணை நடக்குது. யாரும் புகார் கொடுக்கணும்னு காத்திருக்கிறது இல்லை. அந்த விசாரணைக்குப் பயந்தே எத்தனை கைகள் பின்வாங்கியிருக்கும்!

அதே கோட்டாட்சியர்தான் தமிழ்நாட்டுல முதியோர் பராமரிப்புத் தீர்ப்பாயத்துக்கும் தலைவர். அவருக்கு இன்னொரு அதிகாரம் கொடுங்கன்னு கேட்கிறோம். படுத்த படுக்கையா இருந்தவர் வீட்ல இறந்து, பக்கத்து வீட்டுக்காரரோ, செவிலியரோ, வெளியூர்ல இருக்கிற மகளோ சந்தேகம்னு ஒரு வார்த்தை சொன்னா, உடலை எடுக்கிறதுக்கு முன்னாடி விசாரணை. சொத்தை எழுதி வாங்கின கொஞ்ச நாள்லயே இறந்தா, யாரும் சொல்லாமலே விசாரணை. ஊசி போட்டு முடிச்சு வைக்கிற போலி டாக்டர்கள் இருக்காங்கன்னும் செய்தி வந்தது. அப்படி ஒருத்தன் பிடிபட்டா, அவன் மேல கொலை வழக்கைத் தவிர வேற எதையும் போடாதீங்க. குடும்பத்துக்காவது வறுமைன்னு சொல்ல ஒரு வாய் இருக்கு. அவனுக்கு அது வருமானம்.

'கஷ்டப்பட வேண்டாம்னு பாசத்துலதான் செய்யுறோம்'னு சொல்றவங்களுக்கும் ஒரு பதில். தீராத நோயில செயற்கை உயிர்காப்பை நிறுத்தறதுக்கு 2018 மார்ச் 9-ல உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கு. 2023-ல அதை எளிமையாவும் ஆக்கியிருக்கு. நல்ல நினைவோட இருக்கும்போதே நோயாளி எழுதி வைக்கலாம். மருத்துவர் குழு பார்க்கணும், அதை இன்னொரு குழு சரிபார்க்கணும். அதுல நோயாளியோட விருப்பம் இருக்கு. எண்ணெய்க் கிண்ணத்தோட வர்றவங்க, படுத்திருக்கிறவர்கிட்ட சம்மதம் கேட்டா வர்றாங்க?

இனி நான் சொல்லப்போறது, தண்டனை தண்டனைன்னு மட்டும் பேசுற ஆட்களுக்குப் பிடிக்காது. பக்கத்துல உசிலம்பட்டியைப் பாருங்க. பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால்னு 1980-கள்ல பத்திரிகைகள் எழுதி நாடே அதிர்ந்துச்சு. அரசாங்கம் வெறும் போலீஸை மட்டும் அனுப்பலை. 1992-ல தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 'கொல்லாதே, முடியலைன்னா எங்ககிட்ட கொடு'ன்னு ஒரு தொட்டிலை வெச்சாங்க. அந்தத் திட்டத்துல ஆயிரம் குறை சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனா ஒரு கையில சட்டம், ஒரு கையில தொட்டில்னு நின்னது சரியான நிலை. பெரியவங்களுக்கான தொட்டில் எங்கே?

கரிசல் காட்டுல மானாவாரி விவசாயம் பொய்ச்சு, தினக்கூலிக்குப் பட்டாசு ஒட்டப் போற குடும்பம். ஒருநாள் லீவு போட்டா ஒருநாள் கூலி போச்சு. மாமனாரைப் புரட்டிப் படுக்க வைக்க ஒரு ஆள் வீட்ல இருக்கணும்னா, ரெண்டு சம்பளத்துல ஒண்ணு நின்னு போகும். இது மன்னிப்புக்கான காரணம் இல்லை. ஆனா காரணத்தைத் தெரிஞ்சுக்காம ஜெயிலை மட்டும் கட்டினா, அடுத்த வீட்ல அது இன்னும் ரகசியமா நடக்கும்.

1962-ல, இதே விருதுநகர் மண்ணுல பிறந்த காமராசர் முதலமைச்சரா இருந்தப்போதான் தமிழ்நாட்டுல முதியோர் உதவித்தொகை தொடங்குச்சு. மாசம் 20 ரூபாய். 2023-ல அது 1,200 ஆச்சு. அதுல மத்திய அரசோட பங்கு, 80 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு, இன்னும் 200 ரூபாய்தான். 2007-ல இருந்து அதே 200. அன்னைக்கு 200 ரூபாய்க்கு என்ன வாங்கலாம், இன்னைக்கு என்ன வாங்கலாம்னு மளிகைக் கடைக்குப் போற தாய்மார்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2021-ல வந்த மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து வலி நிவாரணச் சிகிச்சை, பிசியோதெரபி கொடுக்கிற ஏற்பாடு இருக்கு. நல்ல திட்டம், யார் கொண்டு வந்தாலும் நல்லதுன்னுதான் சொல்வோம். நாங்க கேட்கிறது அதுக்கு மேல ஒரு படி. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் ஒவ்வொரு பெரிய கிராமத்துலயும் ஒரு பகல்நேரப் பராமரிப்பு வீடு. காலையில வேன் ஏறும்போது பெரியவரை அங்கே விடணும், சாயங்காலம் கூட்டிக்கிட்டு வரணும். பிள்ளைங்களுக்கு அங்கன்வாடி இருக்கிற மாதிரி. பட்டாசு ஆலை முதலாளிகளும் அதுல பங்கு போடட்டும். அவங்க ஆபீஸுக்கு ஆள் வர்றதே இந்தப் பெரியவங்களைத் தனியா விட்டுட்டுத்தான்.

இதை எல்லாம் மனுவா எழுதி ஆட்சியர்கிட்டயும், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள்கிட்டயும் கொடுக்கப் போறோம். சட்டம் மாறுற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார வேண்டாம். இருக்கிற சட்டத்துல நீங்க இன்னைக்கே செய்யக்கூடியது நிறைய இருக்கு.

உங்க தெருவுல ஒரு பெரியவர் பட்டினி கிடந்தா, அவரேதான் புகார் கொடுக்கணும்னு இல்லை. எந்தத் தாயும் பெத்த பிள்ளை மேல கை காட்ட மாட்டா, அது சட்டத்துக்கும் தெரிஞ்சிருக்கு. அவர் அனுமதி கொடுத்தா அவருக்காக வேறொருத்தரோ ஒரு அமைப்போ தீர்ப்பாயத்துல மனுப் போடலாம். தீர்ப்பாயம் தானாவும் எடுக்கலாம். மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் ஜீவனாம்சம் போட முடியும். 'கடைசிவரை பார்த்துக்குவான்'னு நிபந்தனையோட எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்காம விட்டா ரத்து பண்ண 23-வது பிரிவு இருக்கு. ஆகவே தான செட்டில்மென்ட் எழுதப் போற பெரியவங்களே, பத்திர எழுத்தர்கிட்ட 'என்னைப் பராமரிக்கணும்'ங்கிற வரியைச் சேர்க்கச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுங்க. 'நம்ம பையன்தானே'ன்னு விட்டுடாதீங்க. நல்ல பையனா இருந்தா அந்த வரியால அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இன்னொண்ணு. 60 வயசுக்கு மேற்பட்டவரையோ மாற்றுத்திறனாளியையோ சாட்சி விசாரணைன்னு போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி அலைய விடக்கூடாது, அவர் இருக்கிற இடத்துக்கு வந்துதான் விசாரிக்கணும். புதுச் சட்டம், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 179-வது பிரிவு. ஸ்டேஷனுக்கு வான்னு யாராவது கூப்பிட்டா இந்த எண்ணைச் சொல்லுங்க. மாற்றுத்திறனாளி மேல நடந்த குற்றம்னா, '2016 சட்டம், 92-வது பிரிவையும் சேருங்க அய்யா'ன்னு எழுதிக் கொடுங்க. ரசீது வாங்குங்க.

முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. கட்டணம் இல்லை. இதைப் படிக்கிற ஒவ்வொருத்தரும் இப்பவே போன்ல பதிஞ்சு வைங்க. நம்ம கிளைத் தோழர்கள் அவங்கவங்க ஊர்ல படுக்கையில இருக்கிற பெரியவங்க வீட்டுக்கு வாரம் ஒருதடவை போங்க. துண்டறிக்கை, கொடி எதுவும் வேண்டாம். 'பாட்டி, சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டுட்டு, பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டு வாங்க. ஆள் வந்து போற வீடு வேற, யாரும் எட்டிப் பார்க்காத வீடு வேற.



(மனுவில் கையெழுத்திட விரும்புபவர்கள் உங்கள் பகுதி கிளைச் செயலாளரைத் தொடர்பு கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் ஊரில் உள்ள உங்கள் அப்பா, அம்மாவுக்கு இன்று ஒரு போன் செய்துவிட்டு இந்தப் பதிவைப் பகிருங்கள்.)

#தலைக்கூத்தல்_கொலைதான் #மூன்று_மாதம்_போதாது #முதியோர்_மாற்றுத்திறனாளிகள்_பாதுகாப்பு